எல்டருக்காக ஓர் உபவாசம்

கலோலைனே சபையில் சாட்சி சொல்ல எழுந்தபோது மணி பத்தரை. மாதத்தின் முதல் ஞாயிறு. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து சபையில் ஒருவர் வாயிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் போயிருக்கவில்லை. ஆனாலும் யாரும் முகம் சுளிக்கவில்லை. இந்த மாத உபவாசம், முன் வரிசையில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரக் கிழவருக்காக.

கிழவர் பெயர் மெரில் ஹேகாக். எழுபத்தொரு வயது. அமெரிக்காவில், ஐடஹோவில் உருளைக்கிழங்கு போட்டுப் பிழைத்தவர். நிலத்தை மகனிடம் விட்டுவிட்டு, மனைவி ஆர்லீனோடு பதினெட்டு மாத மிஷனரி ஊழியத்துக்குப் பசிபிக் கடலில் டோங்காவின் இந்தச் சின்னத் தீவுக்கு வந்து பதினோரு மாதம் ஆகிறது. சபை மண்டபத்தின் ஒழுகும் கூரையை அடைப்பார். இளம் மிஷனரிகளின் வீடு சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பார். அவள் நோயாளிகளைப் போய்ப் பார்த்துப் பேசுவாள். தீவில் யாரும் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஊழியப் பட்டம்தான்: அவர் எல்டர், அவள் சிஸ்டர். அவ்வளவுதான்.

புதன்கிழமை எல்டருக்கு நெஞ்சு வலி வந்தது.

ஆர்லீன் முப்பத்தொரு வருஷம் நர்ஸாக இருந்தவள். நாடி பிடித்தாள், நிறம் பார்த்தாள். கோளாறு நெஞ்சில் இல்லை, வயிற்றில்தான் என்று தோன்றியது.

"கல்யாண வீட்டுல பன்னிக்கறிய மூணு தடவை வாங்கித் தின்னது யாரு?"

"விளையாடாதே ஆர்லீன். எங்கப்பா இப்படித்தான் போனார்."

அந்த நேரம் பார்த்துச் சபைத் தலைவர் மாக்கா வாசலில் வந்து நின்றார். எல்டர் நெஞ்சில் கையை வைத்து, "எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்றார். ஆர்லீன் ஒன்றும் சொல்லவில்லை. வெளியாள் முன்னால் புருஷனை எப்படி விட்டுக்கொடுப்பது? வியாழக்கிழமை விடிவதற்குள் தீவு முழுக்கச் செய்தி போய்விட்டது.

இப்போது கலோலைனே மேடையில் நின்று பேசினாள்.

"என் வீட்டுக்காரர் சோசாயா இன்னிக்கு வரலை. உபவாசத்துக்குப் பயந்து ஒளிஞ்சுக்கிட்டாருன்னு யாரும் நினைக்காதீங்க!"

சபை சிரித்தது. சோசாயாவின் சாப்பாட்டு ஆசை ஊரறிந்தது.

"நேத்து மத்தியானத்துலேர்ந்து பச்சத் தண்ணி தொடலை. எல்டருக்காகன்னா ரெண்டு நாள்கூட இருப்பேன்னாரு. காலையில உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுச்சு. கை நடுங்குச்சு. என்னையப் பார்த்து அம்மான்னு கூப்பிட்டாரு. அவர் மேல ஆவி இறங்கியிருக்குன்னு புரிஞ்சுக்கிட்டேன். அப்பவும் சிஸ்டர் பேச்சத் தட்டலை. நேத்து சாயங்காலமும் இன்னிக்குக் காலையிலயும் ஊசியப் போட்டுக்கிட்டாரு. முழு அளவு!"

ஆர்லீனுக்கு டோங்கா மொழி மெதுவாகத்தான் ஏறும். வியர்வை. நடுக்கம். ஊசி. மூன்று சொற்களும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சேர்ந்த கணமே எழுந்துவிட்டாள்.

"மெரில்! சாவி!"

சபை நடுவில் அவள் அவரை எல்டர் என்று கூப்பிடாதது அதுதான் முதல் முறை.

சோசாயாவுக்குச் சர்க்கரை வியாதி. உறவுக்காரர் சாவுக்குப் போய் ஒரு வாரம் இன்சுலின் ஊசியை மறந்ததில் இரண்டு கால்விரல்களை இழந்தவன். ஊழியத்துக்கு வந்தவர்கள் வைத்தியம் பார்க்கக்கூடாது என்று விதி. பேசலாம். ஆகவே ஆர்லீன் செவ்வாய் தவறாமல் போய்ப் பேசினாள். 'புயல் வந்தாலும் ஊசியை விடாதே. சாவு விழுந்தாலும் விடாதே.' அவன் தலையாட்டினான். நோயாளிகள் உபவாசம் இருக்க வேண்டாம் என்றும் ஒருநாள் சொன்னாள். அதற்கும் தலையாட்டினான். விருந்தாளியின் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லும் வழக்கம் அந்தத் தீவில் இல்லை. பட்டினி கிடந்தால் ஊசியை என்ன செய்வது என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. சோறில்லாமல் இந்த ஊரில் யார் இருக்கப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டாள்.

வண்டி கலோலைனேயையும் ஏற்றிக்கொண்டு புழுதியைக் கிளப்பிப் பறந்தது.

"அவரு தூங்கறாரு சிஸ்டர். எதுக்கு இப்படிப் பதறுறீங்க?"

"வீட்டுல சர்க்கரை இருக்கா?"

கலோலைனே நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஒரு பொடிகூட இல்லை. சர்க்கரை ஆகாதுன்னு நீங்க சொன்ன அன்னிக்கே பன்னிக்குக் கொட்டிட்டோம். ஜாமையும் சேர்த்து."

ஞாயிற்றுக்கிழமை. சட்டப்படி கடை எதுவும் திறக்காது.

சோசாயா பாயில் கிடந்தான். சட்டை பிழியலாம்போல் நனைந்திருந்தது. குறட்டை போன்ற மூச்சு. ஆர்லீன் கன்னத்தில் அறைந்தாள், மார்பெலும்பில் விரல் முட்டியை வைத்துத் தேய்த்தாள். கண் திறக்கவில்லை. பக்கத்து வீட்டார் சபையில் இருந்தார்கள். கலோலைனே அவர்கள் சமையலறைக்குள் ஓடிச் சர்க்கரை டப்பாவை அள்ளிவந்தாள். ஆர்லீன் சர்க்கரையை விரலில் தொட்டு ஈறில் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். கால்மாட்டில் அவனுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடினார்கள்.

சொல்லியனுப்பிய மருந்தகத்து நர்ஸ் குளுக்கோஸ் பாட்டிலோடு வந்து சேர இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. அவளும் இன்னொரு சபையில் இருந்திருக்கிறாள். நரம்பு வற்றிக் கிடந்தது. மூன்று முறை குத்தினாள். மூன்று முறையும் தப்பியது.

ஆர்லீன் கையை நீட்டினாள். "எங்கிட்ட குடும்மா."

"ஆர்லீன், ஊசியத் தொடமாட்டோம்னு கையெழுத்துப் போட்டிருக்கோம்!" என்றார் மெரில்.

"அப்ப நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

ஒரே குத்து. நரம்பு கிடைத்தது. பாட்டில் சொட்ட ஆரம்பித்தது. சர்க்கரை பார்க்கும் கருவியில் எண் ஏறியது. ஐம்பது. எண்பது. நூற்றிருபது.

ஆள் எழுந்திருக்கவில்லை.

ஞாயிறன்று படகை எடுக்கப் போலீஸ் அனுமதி வேண்டும். அது கிடைத்துப் பெரிய தீவின் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மாலை ஐந்து மணி. ஒருவரை விட்டு ஒருவர் இருக்கக்கூடாது என்பதும் ஊழிய விதி என்பதால் மெரிலும் கூடவே போனார். வந்ததுதான் வந்தோம் என்று திங்கட்கிழமை அவர் நெஞ்சிலும் வயர்களை ஒட்டிப் பார்த்தார்கள்.

"இதயம் கல்லு மாதிரி இருக்கு, பெரியவரே," என்றார் டாக்டர். "வயிறுதான் பிரச்சினை. கொழுப்புக் கறியக் குறைங்க."

மெரில் அழுதுவிட்டார். "கேட்டியா ஆர்லீன்? கல்லு மாதிரி! ஜெபம் கேட்கப்பட்டது."

"வயிறுன்னும் சொன்னாரே, அது காதுல விழலையா?"

விழவில்லை.

செவ்வாய் காலை சோசாயாவின் மூச்சு நின்றது.

வீட்டு வராந்தாவில் கலோலைனே கறுப்புத் துணிமேல், துக்கம் காக்கும் வழக்கப்படி, பெரிய பாயை இடுப்பில் கட்டி உட்கார்ந்திருந்தாள். ஆர்லீன் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள்.

"கலோலைனே, ஊசி போட்டா சாப்பிடணும். சாப்பிடலைன்னா அளவக் குறைக்கணும். அத நான் உங்களுக்குச் சொல்லித் தரலை. அவரைக் கொன்னது அந்த ஊசிதான். நான் விடாதேன்னு சொன்ன ஊசி."

கலோலைனே பாயின் ஓரத்து நாரை விரலில் சுற்றினாள்.

"இன்னொண்ணு. எல்டருக்கு நெஞ்சுல எந்த வியாதியும் வந்ததே இல்லை. எனக்குப் புதன்கிழமையே தெரியும்."

கலோலைனே நிமிர்ந்து கேட்டாள். "இத வேற யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் இல்லை. மாக்காகிட்ட சொல்லப் போறேன்."

"சொல்லாதீங்க."

"கலோலைனே..."

"என் புருஷன் ஒரு மனுஷனக் காப்பாத்திட்டுப் போனாருன்னு ஊர் பேசுது. நீங்க வாயத் திறந்தா, சோறு தின்னாம செத்த முட்டாள்னு பேசும். என் ரெண்டு பொண்ணுங்களும் அந்த ஊர்லதான் வாழணும்."

"என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?"

"பேசாம இருக்கத்தான் சொல்றேன், சிஸ்டர். புதன்கிழமை பேசாமதானே இருந்தீங்க?"



வெள்ளிக்கிழமை அடக்கம். நாலு ஊர் ஜனம் கூடியிருந்தது. மாக்கா பெட்டியருகே நின்று முழங்கினார். சோசாயா பசியோடு வாசலைத் தட்டினான், ஆண்டவர் திறந்தார், எல்டருக்கு ஆயுசு கொடுத்தார், டாக்டரே சொன்னார் என்றார். பெண்கள் ஓவென்று அழுதார்கள்.

மெரில் குனிந்து கேட்டார். "என்ன சொல்றார்?"

"உங்களை எழுந்து நிக்கச் சொல்றார். எல்லாரும் பார்க்கணுமாம்."

மெரில் எழுந்தார். முகம் முழுக்கக் கண்ணீர். "இன்னும் ஆறு மாசம் ஊழியத்த நீட்டிக் கேட்கலாம், ஆர்லீன்," என்று முணுமுணுத்தார். "இந்த ஜனத்துக்கு நான் கடன்பட்டவன்."

கலோலைனே பெட்டிக்கு அப்பாலிருந்து ஆர்லீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆர்லீன் வாயைத் திறக்கவில்லை.

சோசாயாவின் பெண்கள் இருவரும் எல்டரிடம் வந்தார்கள். மூத்தவள் அவர் சட்டையில் காதை ஒட்டி வைத்துக் கண்ணை மூடிக் கேட்டாள்.

"நல்லா அடிக்குதுடி," என்றாள். பிறகு நகர்ந்து, தங்கைக்கு இடம் விட்டாள்.