தலைக்கு வந்த நேர்த்தி

செத்துப்போயிருந்தால் என் தலைமுடிக்கு இந்த ஆபத்து வந்திருக்காது.

பிழைத்துவிட்டேன். அங்கேதான் சிக்கல்.

கண்டிப் பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் டொக்டர் ஸ்கான் முடிவைப் பார்த்தார். ஒன்றும் இல்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பதினான்கு மாதமாக நான் காத்திருந்த செய்தியைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. மகள் துஷாந்திக்கு ஒரு வரி அனுப்பினேன். அம்பிட்டிய வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் வாட்ஸ்அப்பில் என்னைக் காப்பாற்றியவர்களின் தொகை பதினொன்றைத் தாண்டிவிட்டது.

ரொறொன்ரோவில் இருக்கும் மச்சாள், தான் சொன்ன இலைக் கஷாயம்தான் கட்டியைக் கரைத்தது என்று எழுதியிருந்தாள். கட்டியை வெட்டி எடுத்த சேர்ஜனுக்கு இந்த விவரம் தெரியாது. பாவம், மூன்று மணித்தியாலம் வீணாக நின்றிருக்கிறார். மேல் வீட்டு ஓய்வுபெற்ற வங்கி மனேஜர், சீனியை நிறுத்தச் சொன்னது யார் என்று நினைவிருக்கிறதா என்று மதிலுக்கு மேலாக விசாரித்தார். எல்லோருக்கும் நன்றி சொன்னேன். புற்றுநோயிலிருந்து பிழைத்தவளுக்கு முதல் வேலை அதுதான்.

நன்றி கெட்டவள் அல்ல நான். கண்ணாடியைப் பார்க்கும் போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது. காரணம், முடி.

இடுப்புவரை தொங்கிய பின்னல், இரண்டாவது கீமோவுக்கு முன்பே குளியலறைத் தண்ணீர்ப் போக்கை அடைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தது. பிறகு மாதக்கணக்கில் மொட்டை. மருந்தெல்லாம் முடிந்த பின் ஒரு காலையில் காதுக்கு மேலே ஏதோ குறுகுறுத்தது. இன்றைக்கு அது மூன்று அங்குலம். அதுவும் சுருட்டை! ஐம்பத்தாறு வருடம் கம்பி மாதிரி நேராக வளர்ந்த தலையில், கேட்காமலே வந்த சுருட்டை.

நான் காணிப் பத்திரங்கள் எழுதும் பிரசித்த நொத்தாரிசு. நீதிமன்றத்துக்குக் கிட்ட ஒரு சின்ன அலுவலகம். காணி உறுதிக்குக் கையெழுத்துப் போட வருகிறவர்கள் பத்திரத்தை வாசித்து முடிக்கும்வரை, காதோரச் சுருள் ஒன்றை இழுத்து இழுத்து விடுவேன். அது ஸ்பிரிங் மாதிரி ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். இந்த உடம்பு எனக்கு எதிராகச் செய்த அத்தனை சதியையும் அந்த ஒரு சுருளுக்காக மன்னித்துவிட்டேன்.

அந்தச் சுருளுக்குத்தான் அன்று பின்னேரம் நாள் குறித்தார் என் கணவர் தியாகராஜா.

"இஞ்ச பாரும், இரஞ்சிதம். ஒரு சின்ன விஷயம்."

முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அவர் சின்ன விஷயம் என்று சொன்னவை மொத்தம் இரண்டு. ஒன்று, மோட்டார் சைக்கிளோடு மகாவலிக்குள் விழுந்தது. மற்றது, தன் தம்பி குடும்பத்தோடு எங்கள் வீட்டில் ஒரு வருடம் தங்க வருவது. நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். எனக்கு ஒப்பரேஷன் நடந்த அன்று அவரால் காத்திருக்கும் இடத்தில் இருக்க முடியவில்லை. வெளியே வந்து கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறியிருக்கிறார். அது மலைப்பக்கம் கலஹாவுக்குப் போகும் பஸ். தேயிலைத் தோட்டம் ஒன்றில் முருகன் கோயில் தெரிந்ததும் இறங்கிவிட்டார். நான் உயிரோடு மீண்டால் என் தலைமுடியை இறக்குவதாக அங்கே நேர்த்தி வைத்திருக்கிறார். என் தலைமுடியை!

இவர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து கண்டிப் பள்ளிக்கூடமொன்றில் இருபத்தெட்டு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவர். முடி என்பது இறந்த உயிர்க்கலங்களால் ஆனது என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவர். இறந்த கலங்களைக் கொடுத்து உயிரோடு ஒரு மனைவியை வாங்கலாம் என்று எந்தப் பாடப்புத்தகத்தில் வாசித்தாரோ தெரியாது.

சட்டப்படி விளக்கினேன். இன்னொருவருடைய சொத்தை நன்கொடை எழுதுவதென்றால் உரிமையாளர் தன் சார்பில் கையெழுத்திட அதிகாரம் கொடுத்த அற்றோணித் தத்துவம் வேண்டும். அது இல்லாமல் முடித்த உறுதி முருகனிடம் கொடுத்தாலும் செல்லாது. தவிர, அந்த முடியைத்தான் மருந்து ஏற்கனவே கொண்டுபோய்விட்டதே?

மருந்தில் விழுந்தது நேர்த்தி ஆகாது, கோயிலில்தான் கொடுக்க வேண்டும் என்றார். அதற்காகத்தான் இவ்வளவு நாளும் வளரட்டும் என்று பேசாமல் இருந்தாராம். என் கணவர் என் சுருட்டையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்ததெல்லாம், நேர்ந்துவிட்ட கிடாயைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு!

"உங்களிட்டக் குடுக்க ஒண்டும் இருக்கேல்லையோ?"

அவர் தன் கைகளைப் பார்த்தார்.

"அது திரும்பி வந்தா என்ன செய்யிறது, இரஞ்சிதம்?"

வாதம் அங்கேயே நின்றது. நான் தும்மினால் வாசலில் வந்து நிற்கிற மனிதர். ஒவ்வொரு கிளினிக் நாளும் சட்டைப் பொத்தானை மாற்றிப் பூட்டிக்கொண்டு வருகிறவர். எனக்கு நோய் போய்விட்டது. இவருக்குப் போகவில்லை.

கோயிலுக்கு வருகிறேன் என்றேன். தலையைக் கொடுக்க அல்ல, வழக்கைப் பேச.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை. கோயில் முன்றலில் சாக்கு விரித்து, செம்பில் தண்ணீர் வைத்து, புது பிளேட்டோடு சலூன்காரர் தயாராக இருந்தார். கொலைக்களம் கூட இவ்வளவு சுத்தமாக இருக்காது.

பூசாரி என் தலையைப் பார்த்தார். பிறகு என் கணவரை.

"இப்பதானே சார் முடியே வந்திருக்கு?"

தியாகராஜா முழுக் கதையையும் சொன்னார். பூசாரி சிரித்துவிட்டார். பெண்கள் மொட்டை போடத் தேவையே இல்லையாம். மலையகத்தில் பூமுடி கொடுத்தால் போதுமாம். கத்திரிக்கோலால் நுனியில் மூன்று வெட்டு, அவ்வளவுதான். என் கணவரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. இந்த வழக்கம் யாழ்ப்பாணத்து ஆளுக்கு நேர்த்தி வைத்த அன்றைக்கே தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

"மாட்டன்" என்றேன்.

"மூண்டே மூண்டு வெட்டு, இரஞ்சிதம்."

"மூண்டும் மாட்டன். நோய் என்னைக் கேட்டிட்டு வரேல்லை. மருந்து கேட்டிட்டு முடியை எடுக்கேல்லை. நீங்களாவது கேட்டிருக்கலாம்."

"அப்ப, வந்தா?"

"வந்தா வரட்டும். டொக்டருக்கே தெரியாதது இந்தச் சுருட்டைக்குத் தெரியுமோ?"

சலூன்காரர் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தார். பூசாரி தொண்டையைச் செருமினார்.

"வேண்டிக்கிட்டது சார்தானுங்களே. அம்மா குடுக்கலன்னா, அது சார் தலையில தாங்க நிக்கும்."

தியாகராஜாவின் கை தானாகத் தலைக்குப் போனது. அறுபத்து மூன்று வயதிலும் அடர்த்தி குறையாத முடி அது. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு சாயம், பொக்கெட்டில் சீப்பு. பேரம் பேசுவார், முருகனுக்கே கடிதம் எழுதுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் தந்தார். நேரே போய்ச் சாக்கில் உட்கார்ந்தார்.

முதல் கற்றை விழுந்தபோது எனக்குக் கேலி எதுவும் வாயில் வரவில்லை. பதினான்கு மாதத்தில் அது எனக்கு நேர்ந்த மிக மோசமான பக்கவிளைவு.

பூசாரியிடம் கத்திரிக்கோலைக் கேட்டு வாங்கினேன். காதோரத்துச் சுருளை நானே வெட்டித் தட்டில் வைத்தேன். ஒன்றே ஒன்று. இது யாருடைய நேர்த்தியும் இல்லை, நான் தருவது என்றேன். மூன்று மணித்தியாலம் நின்ற சேர்ஜனுக்கு, வாந்திக் கோப்பை பிடித்த தாதிக்கு, வழி தெரியாமல் கலஹா பஸ் ஏறிய ஒரு முட்டாளுக்கு. கஷாயத்துக்கும் ஒரு இழை போகட்டும். முருகன் பங்கு பிரித்துக் கொடுப்பார்.

திரும்பும் பஸ்ஸில் நெரிசல். சந்தனம் எரிகிறதென்று கழுவிவிட்ட தியாகராஜாவின் மொட்டை மினுங்கியது. சீற்றில் இருந்த ஒரு தோட்டத்துப் பெண் அவரைக் கண்டதும் எழுந்துவிட்டாள். வேண்டாம், எனக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொல்ல வாயெடுக்க, பஸ் ஒரு வளைவில் திரும்பி அவரை உட்காரவைத்தது.

அந்தப் பெண் என் பக்கம் சாய்ந்து, சாருக்கு எத்தனை கீமோ ஊசி போட்டாகிவிட்டது என்று மெல்லக் கேட்டாள். என் சுருட்டை நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சத்தியக் கடதாசி எத்தனைக்கு முத்திரை குத்தியவள் நான். ஆனால் பதினான்கு மாதத்தில் முதன்முறையாக ஆட்கள் வேறொருவரைப் பாவமாகப் பார்க்கிறார்கள். அந்தச் சுகத்தை உடனே விட மனம் வரவில்லை.

"கவலப்படாதீங்கம்மா. எங்க ஊரு புசல்லாவ. அங்க மாரியம்மனுக்கு இப்பவே வேண்டிக்கிறேன். சொகமானதும் தீ மிதிக்கணும்."

தியாகராஜா திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"ஆர் மிதிக்கிறது?"

"நீங்கதான் சார்" என்றாள் அவள், கண்ணை மூடிக் கும்பிட்டபடி.

அவர் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பெண்ணிடம் திருவிழா எப்போது என்று கேட்டேன்.