தக்காளி இல்லாத கிண்ணம்

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஜோடி போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தபோது டாக்டர் சொன்னது இதுதான்: உப்பைக் குறையுங்கள், காய்கறியைக் கூட்டுங்கள், சில மாதம் கழித்து ரத்தப் பரிசோதனைக்கு வாருங்கள்.

பஸ் டிரைவருக்கு அது தண்டனை மாதிரி இருந்தது. டிப்போவில் அவருக்குப் பெயரே ‘ஹாரன்’தான். அந்தக் குரலோடு வீட்டுக்குள் நுழைந்தவர், “என்னை மாடுன்னு நெனச்சுட்டாரா அந்த ஆளு? பச்சையா மென்னுக்கிட்டே கெடக்கணுமாம்!” என்று கத்தினார்.

அவர் மனைவி ஒரு துணிக்கடையில் ரெடிமேட் உடுப்புகளை ஆளுக்கேற்ற அளவுக்குப் பிரித்துத் தைத்துக் கொடுப்பவள். தொளதொளவென்று இருக்கிறதே என்று முகம் சுளிப்பவரைக் கண்ணாடி முன்னால் சிரிக்கவைத்து அனுப்புவாள். புருஷன் நாக்கு எம்மாத்திரம் என்று நினைத்தாள்.

முதல் நாள் வெள்ளரியையும் தக்காளியையும் நறுக்கி, உப்புப் பிசறி, காலையிலேயே டப்பாவில் அடைத்துக் கொடுத்தாள். மதியத்துக்குள் அத்தனையும் நீர் விட்டுக்கொண்டது. சாயங்காலம் டப்பாவைத் திருப்பி நீட்டினார். “மீன் வளர்க்கலாம் இதுல.”

அவளுக்கு ரோஷம் வந்தது. உப்பை முதலில் போட்டால்தானே நீர் விடுகிறது என்று கடைசியில் போடப் பழகினாள். கீரையைக் கழுவித் துண்டில் ஒற்றி ஈரத்தை எடுத்தாள். வெங்காயத்தை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்ததும் அதன் காட்டம் அடங்கி, இளஞ்சிவப்பாகி, தின்னத் தின்ன இனித்தது. வேர்க்கடலையை வறுத்துக் கரகரப்பாகப் பொடித்தாள். தயிரில் பூண்டும் மிளகும் தட்டிப்போட்டுத் தனிக் குப்பியில் கொடுத்து, “தின்னப்போறப்ப ஊத்திக்குங்க, முன்னாடியே ஊத்தினா மறுபடியும் மீன்தான்” என்றாள். பிரஷர்காரர்களுக்கென்றே ஓர் உப்பு வருகிறது என்று கடைக்காரர் ஒரு பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். சாதா உப்பை ஓரங்கட்டிவிட்டு அதையே தாராளமாகத் தூவினாள்.

ஹாரன் மெல்ல வழிக்கு வந்தார். முதலில் முணுமுணுப்பு நின்றது. பிறகு, “நேத்து மாதிரி தக்காளிய இன்னும் கொஞ்சம் போடு” என்றார். டிப்போவில் மற்ற டிரைவர்கள் அவர் டப்பாவைச் சுற்றிவர ஆரம்பித்தார்கள். தொப்பை கரைந்தது. அவருடைய யூனிஃபார்ம் பேண்ட்டின் இடுப்பைப் பிரித்துப் பிடித்துத் தைக்கும்போது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. யாரோ ஒருவரின் இடுப்பைச் சின்னதாக்கக் கடையில் எத்தனையோ தடவை தைத்திருக்கிறாள்; ஆனால் இது அவளே கரைத்த இடுப்பு.

பரிசோதனைக்குப் போகும் மாதம் வந்தது. “நல்லாத்தானே இருக்கேன்” என்றார். அவளும், “ஆமா, நல்லாத்தானே இருக்கீங்க” என்றாள்.

மழைக்காலம் முடியும்போது அவருக்குக் கால் சோர்ந்தது. பிரேக்கை மிதிக்கவே பலம் போட வேண்டியிருக்கிறது என்றார். சத்துப் பற்றவில்லை என்று அவள் முடிவுகட்டினாள். கீரையை இரட்டிப்பாக்கினாள். அவித்த பயறு, பீட்ரூட், வாழைப்பழத் துண்டு எல்லாம் சேர்ந்தன. அவரும் மறுக்காமல் தின்றார். ஒருநாள் பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கியவர், அப்படியே முட்டி மடங்கிச் சாலையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் இருந்தது வயதில் சின்ன டாக்டர் அம்மா. என்ன சாப்பிடுவார் என்று கேட்டதும் இவள் பெருமையாகத்தான் ஆரம்பித்தாள். தக்காளி, கீரை, பயறு, வாழைப்பழம், அந்த உப்பு. சொல்லச் சொல்ல டாக்டரின் முகம் மாறியதைப் பார்த்து, நடுவிலேயே குரல் இறங்கிப்போயிற்று.

“அம்மா, காய்கறியில பொட்டாசியம்னு ஒண்ணு இருக்கு. நல்ல கிட்னியா இருந்தா மிச்சத்தை வெளியே தள்ளிடும். இவருக்குச் சர்க்கரையால கிட்னி ரொம்ப நாளாவே பழுதாயிருக்கு. அதனால அது ரத்தத்துலயே தேங்கி, இதயத்தையே நிறுத்தப் பார்த்திருக்கு. நீங்க போட்ட உப்பும் பெரும்பாலும் பொட்டாசியம்தான்.”

“அப்ப நான்தான்…”

“கிட்னி போனதுக்கு நீங்க காரணம் இல்லை” என்றார் டாக்டர். மீதியைச் சொல்லவில்லை. சொல்லாத அந்த மீதிதான் அவளோடு வீட்டுக்கு வந்தது.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த புருஷனின் அக்காவுக்கு அந்தத் தயக்கமெல்லாம் இல்லை. “எதை வேணும்னாலும் தின்னுட்டு உருண்டு திரண்டு இருந்தான் என் தம்பி. தழையைப் போட்டே படுக்கவெச்சுட்டியே.”

“அண்ணி, நல்லதுன்னுதான்…”

“நல்லதுன்னுதான் எல்லாரும் செய்யுறாங்க.”

அதன்பிறகு ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷின். வாரத்தில் பாதி நாள் அதற்கே போயிற்று. ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்று டிப்போவில் சொல்லிவிட்டார்கள். ஹாரன் என்று கூப்பிட ஆளில்லை. கூப்பிட்டாலும் அந்தக் குரல் இப்போது அவரிடம் இல்லை.

இவள் மறுபடி கற்றுக்கொண்டாள். காயைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். காயின் நிறமும் மணமும் அதோடு சாக்கடைக்குப் போகும். தக்காளி கூடாது, கீரை கூடாது, கடலை கூடாது. கோஸும் ஒரு துண்டு வெள்ளரியும் எலுமிச்சை ரெண்டு சொட்டும் சேர்த்துக் கிண்ணத்தில் வைத்தாள். அவர் ஒரு வாய் எடுத்து, “நல்லாருக்கு” என்றார். அடுத்தவர் வீட்டில் சாப்பிடப்போனால் சொல்வாரே, அந்த மாதிரி. மீன் வளர்க்கலாம் என்று திட்டியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

ஒரு மதியம் மெல்லக் கேட்டார். “ஒரே ஒரு தடவை. பழைய மாதிரி பண்ணிக் குடேன்.”

“என் கையாலயா?” என்றாள். “அதை மட்டும் கேக்காதீங்க. சத்தியமா என்னால முடியாது.”

அவர் தலையை ஆட்டினார். மறுபடி கேட்கவில்லை.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஃபோனில், “அப்பா எப்படிம்மா இருக்காரு?” என்று கேட்கும்போதெல்லாம் இவள், “இருக்காரு” என்பாள்.

அன்றைக்குக் கடையில் வேலை குவிந்திருந்தது. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் எலுமிச்சையும் பூண்டும் கலந்த வாசனை. பையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். சமையல்மேடையில் பலகை, அதன்மேல் தக்காளி விதைகள். கடலைத் தோல் தரையெல்லாம். தினமும் நடக்கச் சொல்வார்களே, அப்படி நடக்கப்போய் வாங்கி வந்திருக்கிறார். கத்தி பிடித்தே பழக்கமில்லாத கை நறுக்கியது. காம்புகூட எடுக்காமல் நறுக்கியிருந்தார்.

அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். மடியில் காலிக் கிண்ணம்.

“என்னங்க! என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?”

கண்ணைத் திறந்தார். “உன்னோடது மாதிரி வரலை” என்றார்.

ஆம்புலன்ஸ் வந்தது. மெஷினும் இருந்தது, டாக்டரும் இருந்தார். இதயம்தான் நின்றுபோயிற்று.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போனபிறகு, தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தாள். நடுத்தட்டில் ஒரு கிண்ணம், தட்டுப் போட்டு மூடியிருந்தது. தூக்கிப் பார்த்தாள். தக்காளி, வெங்காயம், கீரை. பக்கத்தில் தயிர்க் குப்பி தனியாக. அவளுக்கு ஒரு பங்கு எடுத்துவைத்திருக்கிறார்.

சாகப்போகிறவன் பங்கு எடுத்துவைப்பானா? வாழ நினைக்கிறவன் அதைத் தின்பானா? இரண்டும் மாறிமாறி வந்தன. அவளால் அதைத் தின்ன முடியவில்லை. கொட்டவும் முடியவில்லை. மூடி, அப்படியே உள்ளே வைத்தாள்.

தம்பி போனபிறகு துணைக்கென்று அண்ணி அங்கேயே தங்கியிருந்தாள். இவள் அசந்து தூங்கிய ஒரு மதியம், “அழுகி நாறுது” என்று கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். எழுந்து பார்த்தவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

“யாரைக் கேட்டுக் கொட்டினீங்க? அது எனக்கு வெச்சது! எனக்கு!”

“தழைக்காடி இவ்வளவு அழுகை? தம்பிக்கே நீ இப்படி அழலையே!”

“போங்க அண்ணி. போயிடுங்க.”

அண்ணி பையை எடுத்துக்கொண்டு போனாள். அதன்பிறகு வரவில்லை. இவளும் கூப்பிடவில்லை. மகள் தன்னோடு வந்துவிடச் சொல்கிறாள், இவள் பார்க்கலாம் என்கிறாள். காலையில் கடைக்குப் போகிறாள், மற்றவர்களின் இடுப்பை அளக்கிறாள். மதியம் கூட வேலை செய்கிறவர்கள் டப்பாவைத் திறக்கும்போது, நூல் வாங்கி வருகிறேன் என்று எழுந்து வெளியே போய்விடுகிறாள்.