இரண்டாம் பம்பருகே கறை

1974 ஜூன் 12 காலை ஏழு மணிக்கு, நெடுஞ்சாலை வளைவில் இருந்த பெட்ரோல் பங்கின் முன் ஐந்து பேர் வரிசையாக நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஐம்பது வருடம் கழித்து அந்தக் கறுப்பு வெள்ளைப் படம், கட்டடங்களுக்கு மாடல் செய்யும் பெண்ணின் மேஜைக்கு வந்தது. பங்க் இருந்த இடத்தில் இப்போது கம்பெனியின் தலைமை அலுவலகம். பழைய பங்கை இருபத்து நான்கில் ஒன்று அளவில் செய்து, வரவேற்பறைக்குத் தரச் சொல்லியிருந்தார் அன்றைய முதலாளியின் பேரன். இரண்டு மாத வேலை. குளிர்பானத் தகரத்தை மடித்துக் கூரை, வயரின் உறையை உருவிப் பம்புக் குழாய், கண்ணாடி மணியில் பம்பின் தலைவிளக்கு. படத்தில் இரண்டாவது பம்பருகே பாய் அளவுக்கு ஒரு கறை இருந்தது. அதற்காக மெக்கானிக்கிடம் பழைய இன்ஜின் எண்ணெய் வாங்கி, புகைக்கரி குழைத்து, விரல் நுனியால் ஐந்து பூச்சு தேய்த்தாள். மொத்த வேலையிலும் அவள் மிகவும் ரசித்துச் செய்தது அதைத்தான். பேரனும் வந்து பார்த்துவிட்டு, "மேடம், இந்தக் கறைதான் அசத்தல்! அப்படியே தாத்தா காலத்துக்குப் போயிட்டேன்" என்றார்.

சரிபார்த்துச் சொல்ல ஓர் ஆளை அவரே அனுப்பிவைத்தார். அந்தப் பங்கில் பெட்ரோல் போட்டு, பிறகு சூப்பர்வைசராகி ஓய்வுபெற்றவர். படத்தில் வலது ஓரம் நின்று சிரிப்பவர்.

கிழவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். "அட, இந்தப் பம்பு! சரியான முரட்டுக் கழுதைம்மா. ரெண்டு தட்டு தட்டினாதான் ஊத்தும்." மாடலில் நின்ற ஐந்து பொம்மைகளில் தன் உருவத்தைப் பார்த்து, "எனக்கு இவ்ளோ முடி வச்சிட்டீங்களே, வீட்டுக்காரி பார்த்தா சண்டைக்கு வருவா" என்று சிரித்தார். பிறகு கறையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"இதை எதுக்கும்மா செஞ்சீங்க?"

"படத்துல இருக்கே. எண்ணெய்க் கறை."

"எண்ணெய் இல்லம்மா. குருவி."

குருவி என்பது ஆளின் பட்டப்பெயர். ஒல்லியாக இருப்பானாம். முதலாளி பெட்ரோல் டாங்கியில் மண்ணெண்ணெய் கலப்பார். ஊற்றுவது குருவியின் வேலை. படம் எடுத்ததற்கு முந்தின நாள், பொழுது சாய்ந்ததும் கரண்ட் போனது.

"ரெண்டாம் பம்புகிட்ட இருந்த டாங்கி வாய் தெரியலன்னு அரிக்கேன் விளக்கைப் பிடிச்சது முதலாளிதாம்மா. குப்புனு பத்துச்சு. விளக்கைக் கீழ போட்டுட்டு ஓடிட்டாரு. குருவி அங்கேயே எரிஞ்சு செத்தான். நாங்க மண்ணைக் கொட்டி அணைச்சோம். சிகரெட் பிடிச்சான், அதான் பத்திக்கிச்சுன்னு நான் போலீஸ்ல சொன்னேன். அவனுக்கு சிகரெட் வாடையே ஆகாது. மறுமாசம் என்னை சூப்பர்வைசர் ஆக்கிட்டாங்க."

"அப்புறம் இந்தப் படம்?"

"பங்குக்கு ஒண்ணும் ஆகலன்னு பேப்பர்ல போட எடுத்தது. சிரிங்கன்னாங்க, சிரிச்சோம்."

வாசல்வரை போய்த் திரும்பினார். "அவன் மேல தப்பில்லன்னு எங்கயாவது எழுதி வைங்கம்மா. நீங்க சொன்னா கேப்பாங்க. நான் சொன்னதா மட்டும் சொல்லிடாதீங்க, மருமகன் அவங்க கம்பெனிலதான் வேலை பாக்குறான்."

அவள் பெயின்ட் தின்னரில் கை கழுவினாள். சோப்பு போட்டாள். மறுபடி தின்னர். விரல் ரேகைகளில் கறுப்பு தங்கியிருந்தது. மத்தியானம் சோற்றைப் பிசையக் கை வரவில்லை. தட்டை மூடி வைத்தாள். அந்த இடத்தின் ஓரங்கள் இயல்பாகத் தெரிய வேண்டுமென்று வாயால் ஊதி ஊதிக் காயவைத்தது நினைவு வந்தது.

புதன்கிழமை பேரன் வந்தார். கிழவரின் பேச்சை எடுக்காமல் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். குருவியின் பெயரோடு இரண்டு வரி, மாடலின் கீழே வைக்கும் விளக்கப் பலகையில் சேர்க்கவேண்டும் என்றாள். அவர் பதறவில்லை, அப்படியா என்று கேட்கக்கூட இல்லை.

"யார் சொன்னா?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் டிவி சத்தம் குறைந்தது.

"பெரியவரே, ரெண்டாம் பம்புகிட்ட ஒரு கறை இருக்கே, அது என்னது?"

"எண்ணெய்தான் சார். லாரி ஒழுகினது."

"இதுல மேடமும் கேட்டுட்டு இருக்காங்க."

"வணக்கம்மா. எண்ணெய்தாம்மா."

பேரன் ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "அது மேல ஒரு கார் நிறுத்திடுங்க மேடம். பச்சைக் கலர்ல."

"எண்ணெய்தானே சார், எதுக்கு மறைக்கணும்?"

"சும்மா, ஒரு அழகுக்கு."

அவர் போன பின்பு அவள் கிழவரின் எண்ணை இரண்டு முறை அழைத்தாள். இரண்டு முறையும் முழுதாக அடித்து ஓய்ந்தது.

வியாழன் காலை பதினொரு மணிக்குப் பச்சைக் காரின் நான்கு சக்கரங்களிலும் பசை வைத்துக் கறை மேல் நிறுத்தினாள். இறுக ஐந்து நிமிடம் ஆகும். அதுவரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாடலை வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ரிப்பனைக் கிழவர் வெட்டினார்.