விளக்கைச் சுற்றி ஒரு திரை

காலை டியூட்டிக்கு நான் வார்டில் நுழைந்தபோது, மஞ்சள் காமாலைக்கு வெளிச்ச சிகிச்சையில் இருந்த குழந்தையின் விளக்கைச் சுற்றி ஒரு படுக்கை விரிப்பு திரையாகத் தொங்கியது.

"இது எதுக்குக்கா?" என்று கேட்டேன்.

"அந்த நீல வெளிச்சம் கண்ணைக் குத்துதும்மா. தலைவலி மண்டையைப் பிளக்குது" என்றார் நைட் டியூட்டி முடிக்கவிருந்த சீனியர் நர்ஸ். நாற்காலியில் சாய்ந்து, பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டிருந்தார்.

விரிப்பை விலக்கினேன். புளித்த பால் வாடை குப்பென்று அடித்தது. பிறந்து மூன்றே நாளான பெண் குழந்தை. கண்ணை மறைக்க வேண்டிய பட்டை மூக்குக்கு இறங்கி, கக்கிய பாலில் ஊறிக் காய்ந்து விறைத்துப் போயிருந்தது. வெளிச்சம் நேராக முகத்தில் அடிக்க, இமைகளை இறுக்கி இறுக்கி அந்த முகமே சுருங்கிக் கிடந்தது. இவருக்குத் தலைவலியாம்!

விளக்கை அணைத்து, முகத்தைத் துடைத்து, புதுப் பட்டை கட்டினேன். சார்ட்டை எடுத்துப் பார்த்தேன். 'கண் பட்டை சரியாக உள்ளது' என்று ராத்திரி முழுக்க மணிக்கு மணி அவருடைய கையெழுத்து.

"ஒவ்வொரு தடவையும் பார்த்துத்தான் போட்டீங்களா?"

"அழுதா பார்க்க மாட்டேனா? அதுபாட்டுக்குச் சமர்த்தா தூங்குச்சு."

விளக்கைப் போட்டேன். விரிப்பை ஒரே இழுப்பில் உருவி எறிந்தேன். நீல வெளிச்சம் முகத்தில் பட்டதுதான் தாமதம், அவர் பிஸ்கட்டைப் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"கண்ணு கூசுதும்மா, மூடு!"

"சமர்த்தா தூங்குங்கக்கா" என்றேன்.