வெளியே தெரியாத தையல்

"ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா உங்க வாயி தேஞ்சா—"

"நீ பிரசவத்துக்குப் போன எடத்துல உன்ன எதுக்கு—"

"பிரசவம் எனக்கா ஆச்சு? நம்ம பொண்ணு மர்யமுக்கு ஆச்சு! அதுவும் இது நடந்தது புள்ள பொறந்து அஞ்சு நாள் கழிச்சு! நான் இன்னா ஆப்பரேஷன் ரூம்லயா—"

"மெதுவா பேசு ஜாஹிதா, ரோட்ல போறவங்க காதுல—"

"வுழட்டும்! அந்த மனுசன் மானம் போனப்ப இந்த ரோடே வேடிக்கை பாத்துச்சில்ல? இதையும் பாக்கட்டும்."

சைபுல்லா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். வெறுங்கையை என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் அதையே எடுத்துக்கொண்டார்.

ஜாஹிதா வாணியம்பாடியிலிருந்து வந்து இறங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு சைக்கிள் ரிப்பேர் கடைக்குள் காலெடுத்து வைத்தவள், சுவரில் சாய்ந்து நின்ற சைக்கிளைப் பார்த்துத்தான் கேட்டாள், "துரைக்கண்ணு சைக்கிள் இன்னாத்துக்கு சீட் இல்லாம மொட்டையா நிக்குது?" பின்னால் இரண்டு பக்கமும் பால் கேன் மாட்டும் கொக்கிகளோடு இருக்கும் அந்தச் சைக்கிளைப் படவேட்டில் தெரியாதவர்கள் இல்லை. சைபுல்லா சொல்லத் தொடங்கினார். பாதி சொல்வதற்குள் அவள் பையைக் கீழே போட்டுவிட்டாள்.

மேல்நிலைப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் இலவச சைக்கிள்களை பஸ் ஸ்டாப்பில் நிறுத்திவிட்டு பஸ் ஏறுவார்கள். இரண்டு மாதத்தில் மூன்று சைக்கிள் காணாமல் போய்விட்டது. சைக்கிளைப் பறிகொடுத்த நிவேதா என்கிற பெண் பஸ்ஸைப் பிடிக்க நாலு கிலோமீட்டர் நடந்தே வந்தாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் கம்ப்யூட்டர் வாத்தியார் ராஜேஷ் ஒரு டிராக்கர் வாங்கி வந்தார். பத்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

"பாய், நம்ம ஸ்கூல் சைக்கிள் ஒண்ணுல இத யாருக்கும் தெரியாம வச்சுக் குடுங்க. திருடன் எங்க எடுத்துட்டுப் போனாலும் போன்ல காட்டும். கிட்டப் போய் அழுத்தினா கத்தும். உங்க வூட்டம்மாகிட்டகூட மூச்சு விடாதீங்க."

"நான் சொல்ல மாட்டேன் சார். என் தையலும் சொல்லாது."

அந்தப் பெருமை சைபுல்லாவுக்கு எப்போதும் உண்டு. தகப்பனார் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்தவர். அவரிடம் கற்ற தையல். வியாழக்கிழமை சாயங்காலம் சீட்டின் அடிப்பக்கத்தைப் பிரித்து, ஸ்பாஞ்சைக் குடைந்து உள்ளே வைத்து, பழைய ஓட்டைகளிலேயே ஊசியை விட்டுத் தைத்தார். பசை காயட்டும் என்று அலமாரியில் வைத்தார். பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு கறுப்பு சீட் இருந்தது. சனிக்கிழமை காலையில் அலமாரியிலிருந்து எடுத்துப் பள்ளிச் சைக்கிளில் மாட்டி, பஸ் ஸ்டாப்பில் கொண்டுபோய் நிறுத்தினார். முந்தின நாள் சாயங்காலம்தான் ஜாஹிதா வாணியம்பாடிக்குப் பஸ் ஏறியிருந்தாள்; ராத்திரி பேத்தி பிறந்த செய்தி வந்திருந்தது. அலமாரியில் இரண்டில் ஒன்றுதான் இருக்கிறது என்பது அவர் கண்ணில் படவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அந்தச் சைக்கிளைக் காணோம். நிற்கிற சைக்கிளை எதற்குப் பார்ப்பது என்று அதுவரை போனைத் திறக்காத ராஜேஷ் அப்போதுதான் திறந்தார். போன் பால் சங்கத்தைக் காட்டியது.

ராஜேஷும் சைபுல்லாவும் அங்கே போனபோது வரிசையில் பதினைந்து பேர். ராஜேஷ் போனை அழுத்த, துரைக்கண்ணுவின் சைக்கிளுக்குள்ளிருந்து கீச் கீச்சென்று சத்தம். முதலில் சிரித்தது துரைக்கண்ணுதான்.

"இன்னா பாய், என் சைக்கிள்ல கோழிக்குஞ்சு எதனா அடை வச்சியா?"

யாரோ சீட்டைக் கழற்றிக் கத்தியால் கிழித்தார்கள். டிராக்கர் கீழே விழுந்து உருண்டது.

"அடப்பாவி, சைக்கிள வித்துட்டு சீட்ட நீ வச்சிக்கினியா?" என்றது ஒரு குரல்.

"பாயம்மாதான் குடுத்துச்சு" என்றார் துரைக்கண்ணு. "வெள்ளிக்கிழம மதியம் என் சீட் ஸ்பிரிங் ஒடஞ்சிப்போச்சு. பாய் தொழுவப் போயிருந்தாரு. இத மாட்டிக்கினு போ, அப்பறம் மாத்திக்கலாம்னு அலமாரிலேந்து எடுத்துக் குடுத்துச்சு. கேளுங்க."

எல்லோரும் சைபுல்லாவைப் பார்த்தார்கள்.

"துரை, அந்த சீட்ட சனிக்கிழம காத்தால நான்தான் ஸ்கூல் சைக்கிள்ல மாட்டினேன். என் கை பொய் சொல்லுமா?" என்றவர், குரலைத் தாழ்த்தி, "ஏம்பா, என்கிட்ட கேட்டா நான் ஒரு சீட் குடுத்திருக்க மாட்டனா?" என்றார்.

அதட்டாமல்தான் கேட்டார். அதட்டியிருந்தால்கூட யாராவது குறுக்கே பேசியிருப்பார்கள். அந்த மெதுவான குரல்தான் துரைக்கண்ணுவைத் திருடனாக்கியது. துரைக்கண்ணு பால் கேன்களைக் கொக்கியிலிருந்து கழற்றி வரிசையிலேயே வைத்தார். சைக்கிளை உருட்டிவந்து கடைச் சுவரில் சாய்த்துவிட்டு நடந்து போனார். அந்தப் பாலை யாரும் அளக்கவில்லை. மறுநாள் மூடியைத் திறந்தபோது திரிந்து கட்டியாகிக் கிடந்தது.

"பால்காரன நிக்க வைக்காத, கைக்குக் கெடச்சத மாட்டி அனுப்புன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?" என்று கேட்டாள் ஜாஹிதா.

"நான்தான்."

"இருவத்தாறு வருசமா இந்தக் கடையில அதான பழக்கம். அத அங்க சொன்னீங்களா?"

சைபுல்லா ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டறதுக்கு முன்ன தையலத் தடவியாவது பாத்தீங்களா?"

"தெரியாத மாதிரி தச்சது ஜாஹிதா. தடவினாலும் தெரியாது."

"அப்பறம் எந்தக் கைய வச்சு சத்தியம் பண்ணீங்க?"

வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. சைபுல்லா ஸ்பேனரை டப்பாவில் போட்டார்.

"நாளைக்கு அவன் வூட்டுக்குப் போறேன். நீயும் கூட வா. நீ சொன்னா நம்புவான்."

"என் பேச்சுல அவருக்கு இன்னா சந்தேகம்? அவரு நம்ப வேண்டியது உங்க பேச்ச. நீங்களே போங்க. அதுக்கு முன்ன அந்தப் பால் வரிசையில போய்ச் சொல்லிட்டுப் போங்க."

மறுநாள் விடிந்ததும் சைபுல்லா பால் சங்கத்துக்குப் போனார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனது நாலே வார்த்தையில் முடிந்துவிட்டது.

"தப்பு என் பேர்ல. சீட்ட என் வூட்லதான் குடுத்திருக்காங்க. துரை எதுவும் எடுக்கல."

பால் அளக்கும் சின்னதம்பி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அப்டியா? சரி வுடு பாய். நான் அன்னிக்கே நெனச்சேன், துரை அப்டிப்பட்ட ஆளில்லன்னு."

"நானுந்தான்" என்றார் அன்று கத்தி கொடுத்தவர்.

"அப்ப அவன் வூட்டுக்கு ஒரு நட வந்து சொல்லுங்கப்பா."

"வர்றோம் பாய், ஊத்திட்டு வர்றோம்."

ஒருவரும் வரவில்லை. காணாமல் போன நாலாவது சைக்கிளும் இன்றுவரை கிடைக்கவில்லை. ராஜேஷ் அந்த டிராக்கரைத் திரும்ப வாங்கிக்கொள்ளவே இல்லை. கடை டிராயரில் கிடந்தது.

சைபுல்லா ஒரு புது சீட்டுக்கு மேலுறை தைத்தார். கறுப்பு உறை, வெள்ளை நூல். ஒவ்வொரு தையலும் தூரத்திலிருந்தே எண்ணிவிடலாம் போலிருந்தது. மாட்டி, செயினுக்கு எண்ணெய் விட்டு, சைக்கிளை ஏறி ஓட்டாமல் உருட்டிக்கொண்டே மலையடிவாரத்துக்குப் போனார். வாழைத்தோப்பைத் தாண்டினால் துரைக்கண்ணுவின் வீடு. வாசலில் சின்னக்குழந்தை என்ற பெயருடைய அவர் மனைவி சாணி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"வாங்க பாய். போன் கொண்டாந்தீங்களா?"

"இல்லம்மா..."

"கொண்டாந்திருக்கலாமே. வூட்டுக்குள்ள இன்னா இன்னா கத்துதுன்னு ஒரு தடவ பாத்துட்டுப் போயிருப்பீங்க. பசு மாடு ஒண்ணு கத்தும். அது எங்க அப்பா வூட்டுச் சீரு. சொல்லிட்டேன்."

"தப்புப் பண்ணிட்டேம்மா. துரை இருக்கானா?"

துரைக்கண்ணு மாட்டுக் கொட்டகையோரம் உட்கார்ந்து சோளத்தட்டையை வெட்டிக்கொண்டிருந்தார். அரிவாள் நிற்கவில்லை. சைபுல்லா சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு அவருக்கு எதிரில் நின்றார்.

"துரை, ஜாஹிதா நேத்துதான் வந்துச்சு. நான்தான் குடுத்தேன்னு சொல்லிச்சு. காத்தால சங்கத்துல போய் எல்லாருக்கும் முன்ன சொல்லிட்டேன். நீ அன்னிக்கு சொன்னது அத்தனையும் நெசம்."

அரிவாள் ஒருமுறை இறங்கியது. இன்னொரு முறை இறங்கியது.

"அது நெசம்னு அவருக்குத் தெரியாதா?" என்றாள் பின்னாலேயே வந்து நின்ற சின்னக்குழந்தை. "என் வூட்டுக்காரரு சொன்னப்ப தெரியல, உங்க வூட்டுக்காரம்மா சொன்னதும் தெரிஞ்சுதா பாய்? அவங்க வராமலே இருந்திருந்தா?"

அது நேற்றிலிருந்து சைபுல்லாவே தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்விதான். வேலை நாள் ஒன்று விடாமல், மழை அடித்தாலும், அவர் கடை திறக்கும் நேரத்துக்குத் துரைக்கண்ணு அந்த வழியாக வருவார். கேனிலிருந்து ஒரு டம்ளர் பாலை டீக்கென்று ஊற்றிவிட்டு, "இன்னா பாய், இன்னும் காத்துதான் அடிக்கிறியா?" என்பார். இந்தப் பன்னிரண்டு நாளும் சைபுல்லா டீ குடிக்கவில்லை. அதை இங்கே சொல்ல முடியுமா? சொன்னால் பாலுக்காக வந்த மாதிரி ஆகிவிடாதா?

"என்னை ரெண்டு வார்த்த திட்டிடு துரை."

துரைக்கண்ணு வெட்டிய தட்டையை அள்ளிக் கட்டினார். கட்டைத் தூக்கி மாட்டின் முன்னால் போட்டார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு திரும்பியவரின் பார்வை ஒரு நொடி வெள்ளைத் தையலில் நின்றது. அப்புறம் மலைப் பக்கம் போய்விட்டது.

சின்னக்குழந்தை சாணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். சைபுல்லா சீட்டின் மேல் படிந்த தூசியைக் கையால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"சீட்ட கொஞ்சம் ஒசரமா வச்சிட்டேன் போல. ஒரு தடவ ஏறி உக்காந்து பாரு துரை, காலு எட்டுதா?"