பூசணியின் நகம்

மே பதினேழாம் தேதி, சனிக்கிழமை காலை, விமான நிலையச் சாலையில் உள்ள நாய் விடுதிக்கு ஒரு தம்பதி இரண்டு கறுப்பு நாய்களைக் கூட்டி வந்தார்கள்.

புயல், பூசணி இரண்டும் ஒரே ஈற்றில் பிறந்தவை. அச்சில் வார்த்தது போல இருக்கும். வாசலில் வாடகைக் கார் உறுமிக்கொண்டிருந்தது. போனில் மருமகன் கத்தினார்.

"அத்தை, கிளம்பியாச்சா? வலி எடுத்துருச்சு! உங்களையும் மாமாவையும்தான் கேக்கறா!"

"இதோ, ஏறப் போறோம் மாப்பிள்ளை!"

விடுதிக்காரம்மா இரண்டு தடுப்பூசிச் சான்றுகளையும் பார்த்துத் தலையாட்டினாள். "தப்பா நினைக்காதீங்க. எங்க நாய் உள்ள குட்டி போட்டிருக்கு. அதுங்களுக்கு இன்னும் ஊசி போடற வயசு வரலை. அதான் இவ்வளவு கெடுபிடி."

அப்போதுதான் பூசணி மனைவியின் மேல் தாவியது. சால்வை டர்ரென்று கிழிந்தது.

"நகத்தைப் பாரு, அரிவாளாட்டம்!" என்று காலைப் பிடித்தவள் சட்டென்று நிறுத்தினாள். புயலின் காலையும் தூக்கிப் பார்த்தாள். ஒட்ட வெட்டியிருந்தது. ஊசி போட்டால் நகத்தையும் வெட்டாமல் எந்த நாயையும் அனுப்பாதவர் அவர்களுடைய டாக்டர்.

"என்னங்க, ரெண்டையும்தானே கூட்டிட்டுப் போனீங்க?"

"ஆமா. ஒண்ணா ஏத்தினா கார்ல அடிச்சுக்கும்னு தனித்தனி நாள்ல கூட்டிட்டுப் போனேன். சாவியை ஆட்டினேன், ஓடி வந்துச்சு."

"சாவிச் சத்தத்துக்கு எது ஓடி வரும்?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "புயல்."

"ரெண்டு தடவையும்! நல்லவேளை, என்னை மாதிரியே அக்கா தங்கச்சி எனக்கு யாரும் இல்ல."

அவர் அவள் காதருகே குனிந்தார். "மெதுவாப் பேசு. சான்று இருக்குல்ல? அது ஒரு தும்மல்கூடத் தும்மலை. வந்து போட்டுக்கலாம்."

ஓட்டுநர் ஹார்ன் அடித்தார். உள்ளே குட்டிகள் கீச்சிட்டன. விடுதிக்காரம்மா பூசணியின் கயிற்றை வாங்கக் கை நீட்டினாள்.

"இருங்கம்மா. இவனுக்கு ஊசி போடலை" என்றாள் மனைவி.

விடுதிக்காரம்மா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். உடனே சான்றில் இருந்த எண்ணில் டாக்டரைப் போனில் பிடித்து, ஒலிபெருக்கியில் போட்டாள்.

டாக்டர் முதலில் சிரித்தார், பிறகு தன்னைத்தானே திட்டிக்கொண்டார். "புயலுக்கு ஒண்ணும் ஆகாது. பூசணிக்கு இன்னிக்கே போடறேன். ஆனா ஊசி வேலை செய்ய நாளாகும். அதுவரைக்கும் குட்டிங்க பக்கம் விடாதீங்க."

"அப்ப இவனை இங்க வெச்சுக்க முடியாதுங்க" என்றாள் விடுதிக்காரம்மா. ஹார்ன் மறுபடி அலறியது. கணவர் இரண்டு கயிறுகளையும் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"நீ ஏறு."

"நீங்க? முதல் பேரப்பிள்ளையாச்சே!"

"சாவியை ஆட்டினவன் நான்தானே? ஓடு, ஓடு! விமானம் போயிடும்!"

அவள் கிழிந்த சால்வையோடு ஓடினாள்.

விமானம் குறித்த நேரத்தில் கிளம்பியது. அவருடைய இருக்கை காலியாகப் போனது. பிறந்தது பெண் குழந்தை. அவர் அதைப் போனில் பார்த்தார். பூசணிக்கு அன்று மாலையே ஊசி போட்டார்கள். நகத்தையும் வெட்டினார்கள்.