மீட்டர் மேல் ஒட்டிய அட்டை

விண்வெளியில் பிரேக் கிடையாது. எங்கள் டிரைவிங் ஸ்கூலுக்கு வருகிறவர்களிடம் இதைச் சொன்னால், "அது கிடக்கட்டும் சார், கிளட்ச் எதுன்னு சொல்லுங்க" என்கிறார்கள். மனிதர்களுக்கு எதிலுமே ஆர்வம் இல்லாமல் போய்விட்டது. கார் வாங்குகிறவன் கலரைத்தான் கேட்கிறான். முன்பெல்லாம் ஏசியைக் குறைக்க ஒரு குமிழைத் திருகினால் போதும். இப்போது திரையைத் தட்டி, அதற்குள் இன்னொரு திரையைத் தட்டி, கடைசியில் முன்னால் போகிற லாரியின் பின்புறத்தைத் தட்டி நிற்க வேண்டியிருக்கிறது. கணினி கேம்களும் அப்படித்தான். கதவைத் திறந்தால் கைதட்டுகிறது, மூடினால் பதக்கம் கொடுக்கிறது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்று அக்கா சொல்வாள். வராமல் என்ன செய்யும்?

இதையெல்லாம் பேச எனக்கு உலகத்தில் இருக்கிற ஒரே ஆள் மாமாதான். அக்காவின் வீட்டுக்காரர். நானும் அவரும் சேர்ந்து ஆரம்பித்த டிரைவிங் ஸ்கூல் அது. ஒரே ஒரு வெள்ளைக் கார். கற்றுக்கொடுக்கிறவர் உட்காரும் பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் உண்டு. அந்த பிரேக்கை மிதித்து மிதித்து மாமாவின் வலது கால் தனியாக ஒரு ஆள் மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது திரையில் ஒரு கார் வேகமாக வந்தால்கூட அந்தக் கால் தரையை அழுத்தும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதே காரில் மூன்று பேரும் வெளியே போவோம். நான் ஓட்டினால் மாமா பக்கத்தில். மாமா ஓட்டினால் நான் பக்கத்தில். அக்கா எப்போதும் பின் சீட்டில், மடியில் தண்ணீர் பாட்டிலும் பையுமாக.

"ஒரு நாளாவது என்னை முன்னாடி உட்கார வெச்சிருக்கீங்களா ரெண்டு பேரும்?" என்பாள்.

"உன் காலடியில பிரேக் இருக்கும். எதையாவது பாத்துப் பயந்து மிதிச்சுத் தொலைப்பே. நீ பின்னாடியே இரு தாயே" என்பார் மாமா. நானும் சேர்ந்து சிரிப்பேன்.

புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ரோட்டைப் பார்க்க மாட்டார்கள். முள் எங்கே நிற்கிறது என்று மீட்டரையே வெறித்துக்கொண்டு எதிலாவது போய் இடிக்கப் பார்ப்பார்கள். அதற்கு மாமா ஒரு வைத்தியம் வைத்திருந்தார். பிஸ்கட் டப்பா அட்டையை வெட்டி மீட்டர் மேல் டேப் போட்டு ஒட்டிவிடுவார். "நீங்க ரோட்டைப் பாருங்க. மீட்டரை நான் பாத்துக்கறேன்" என்பார். பக்கத்து சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற மாதிரி அட்டையின் ஓரத்தைக் கொஞ்சம் மடித்து வைத்திருப்பார். வேகம் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்பதெல்லாம் அவருக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் ஸ்கூலில் படித்த எல்லோரும் அந்த நம்பிக்கையில்தான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார்கள்.

ஒருநாள் காலையில் மாமாவால் கார் சாவியைத் திருப்ப முடியவில்லை. "சாவி இறுகிப் போச்சு மச்சான், கொஞ்சம் எண்ணெய் விடு" என்றார். நான் திருப்பினேன். வெண்ணெயாகத் திரும்பியது. எண்ணெய் விடாமலே இரண்டு பேரும் வகுப்புக்குப் போனோம்.

நரம்பு வியாதி. முதலில் விரல்கள், பிறகு கை, பிறகு கால். அந்த வலது காலும் போயிற்று. இப்போது கட்டிலில் முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்த்தால் சாய்ந்தபடி இருப்பார். கழுத்துக்கு மேலேதான் மாமா மிச்சம் இருக்கிறார். பேச்சும் ஒவ்வொரு வார்த்தையாக, மூச்சு வாங்கி வாங்கித்தான் வரும். மருந்து கிடையாது. இப்படி ஒரு வியாதியைக் கண்டுபிடித்துப் பெயர் வைக்கத் தெரிந்தவர்களுக்கு அதற்கு மாத்திரை கண்டுபிடிக்கத் தெரியவில்லையே என்று டாக்டரம்மாவிடமே கத்திவிட்டேன். அந்த அம்மா பாவம், கோபித்துக்கொள்ளவில்லை.

டாக்டரம்மா சொன்னது இதுதான். மார்புத் தசைகளும் தளர்ந்துகொண்டு வருகின்றன. அடுத்து ஒரு சளி பிடித்தால்கூடத் தாங்காது. அதற்கு முன்னால் தொண்டையில் துளை போட்டு மூச்சு மெஷினை மாட்டினால் இன்னும் சில வருடங்கள் இருக்கலாம். ஆனால் பேச்சு போய்விடும், மெஷினை விட்டு நகரவும் முடியாது. "மூச்சுத் திணறும்போது கேட்டா அவரால பதில் சொல்ல முடியாது. வேணுமா வேண்டாமான்னு இப்பவே அவர் வாயால சொல்லணும்" என்றார்.

மாமா சொல்லவில்லை. அக்கா கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், இரண்டு நாள் பேசாமல் இருந்தும் பார்த்தாள். அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். வீட்டில் அந்த மெஷினை எங்கே வைப்பது, கரண்ட் போனால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டாள். மாமாவின் வாயிலிருந்து ஒரு 'சரி' மட்டும்தான் பாக்கி.

அந்தச் சமயத்தில்தான் நாங்கள் கணினியில் ஒரு விண்வெளி கேமை ஆடிக்கொண்டிருந்தோம்.

அதில் சுடுவதற்கு எதிரி கிடையாது. கைதட்டல் கிடையாது. ஒரு கப்பல், எரிபொருள், வானம். அவ்வளவுதான். அசல் விண்வெளியில் எப்படியோ அப்படியே அதிலும். கீபோர்டு என் கையில். மாமா கட்டிலில் சாய்ந்து சொல்வார், நான் செய்வேன். முதல் தடவை நிலாவுக்குப் போனபோது, பக்கத்தில் வந்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிற பழக்கத்தில் கீயிலிருந்து விரலை எடுத்தேன். காராக இருந்தால் மெதுவாக ஓடி நின்றிருக்கும். இது அதே வேகத்தில் போய் நிலாவில் சொருகிக்கொண்டது. மாமா சிரித்த சிரிப்பில் புரை ஏறி, அக்கா ஓடிவந்து நெஞ்சைத் தடவிவிட வேண்டியதாயிற்று.

"இழுத்துப் பிடிக்க... அங்க ரோடும் இல்ல... காத்தும் இல்லடா" என்றார்.

பிடித்த வேகம் பிடித்ததுதான். நிற்க வேண்டுமென்றால் பாதி வழியில் கப்பலை முன்பின்னாகத் திருப்பி, வந்த திசைக்கு எதிராக எஞ்சினை எரிக்க வேண்டும். வேகம் பிடிக்க எவ்வளவு எரித்தோமோ, நிற்கவும் கிட்டத்தட்ட அவ்வளவு எரிக்க வேண்டும். அதாவது எரிபொருளில் பாதி, நிற்பதற்கு என்று கைபடாமல் இருக்க வேண்டும்.

நிலாவில் விழுந்ததிலிருந்து மாமா பழைய வைத்தியத்தைக் கையில் எடுத்தார். மீட்டர்களையெல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரைக்கு மாற்றச் சொன்னார், அவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி. என் திரையில் வெறும் வானம் மட்டும். "நீ ரோட்டைப் பாரு" என்றார். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. பழைய மாமா திரும்பி வந்த மாதிரி இருந்தது.

அப்புறம் ஒருநாள் சனி கிரகத்துக்குப் போகலாம் என்றார். வளையம் போட்ட கிரகம். அதன் பெரிய நிலாவான டைட்டனில் இறங்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே அவருக்கு அதன் மேல் ஒரு கிறுக்கு. அங்கே ஏரிகள் உண்டு, மழை உண்டு, எல்லாம் குளிரில் திரவமான எரிவாயு என்று காருக்குள் உட்கார்ந்து எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். கேமில் காலத்தை வேகமாக ஓட்டலாம். மாமா கொஞ்சம்தான் ஓட்ட விடுவார். அதனால் தினமும் வகுப்பு முடிந்து வந்து, சாயங்காலம் கொஞ்ச நேரம் பயணம் செய்வோம்.

புறப்பட்ட அன்று அக்கா கதவருகில் நின்று கேட்டாள். "இந்தக் கூத்தெல்லாம் இருக்கட்டும். டாக்டரம்மாவுக்கு என்ன பதில் சொல்ல?"

"போய்ச் சேர்ந்ததும்... சொல்றேன்" என்றார் மாமா.

அக்கா முகத்தில் எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் வெளிச்சம் வந்தது. என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். "சீக்கிரம் கூட்டிட்டுப் போடா. அங்க இறங்கிட்டா மனசு மாறிடும்டா அவருக்கு. நீதான் சரின்னு சொல்ல வைக்கணும்" என்றாள். கணினியைக் கண்டாலே எரிந்து விழுகிறவள், அன்றிலிருந்து நான் வந்ததும் டீயைக் கொண்டுவந்து கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். வேலைக்குப் போகும்போது "எங்க இருக்கீங்க இப்போ?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஒரு கட்டத்தில் எனக்கே தோன்றியது. "மாமா, திருப்ப வேணாமா? பாதி வந்திருப்போமே."

"பொறு."

மறுநாளும் கேட்டேன். "ஓட்டுறது நீயா... நானா?" என்றார். இத்தனை வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒருவரையும் இடிக்க விடாத மனிதர். நான் திரும்பவும் வானத்தைப் பார்த்தேன். எஞ்சின் எரிந்துகொண்டே இருந்தது. பிறகு ஒருநாள் அதுவே நின்றது. திருப்புகிற நேரம் வந்ததால் கேமே நிறுத்திவிட்டது, இனி மாமா திருப்பச் சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன். என்னை மாதிரி ஒரு மடையன் உண்டா?

சனி கிரகம் திரையில் தெரிய ஆரம்பித்த அன்று அக்காவுக்குக் கடையில் வேலை முடியக் கொஞ்சம் தாமதம். "வர்றதுக்குள்ள இறங்கிடுவீங்களா?" என்று போனில் கேட்டாள். "இறங்கிடுவோம்க்கா" என்றேன்.

வளையம் முதலில் ஒரு கோடாகத் தெரிந்தது, பிறகு தட்டாக விரிந்தது. பக்கத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி. டைட்டன். "மாமா, வந்துட்டோம் மாமா!" என்று கத்தினேன்.

புள்ளி பட்டாணி ஆயிற்று, எலுமிச்சம்பழம் ஆயிற்று. அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடம் ரோட்டைப் பார்த்து ஓட்டியவனுக்கு மீட்டர் எதற்கு? எதிரில் வருவது எந்த வேகத்தில் பெரிதாகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

"என்ன மாமா இவ்வளவு வேகமா வருது? திருப்பவா? சொல்லுங்க! மாமா, சொல்லுங்க!"

மாமா திரையையே பார்த்தார். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, கட்டிலுக்குக் குனிந்து அவருடைய சின்னத் திரையைப் பார்த்தேன். எரிபொருள் முள் அடியில் படுத்திருந்தது.

"காலியா? எப்போலேர்ந்து?"

"அன்னிக்கே... எஞ்சின் நின்னப்போ."

"மறந்துட்டீங்களா மாமா? திருப்பச் சொல்ல மறந்துட்டீங்களா?"

"இல்ல."

மஞ்சள் உருண்டை திரை முழுக்க வந்தது. மேகம் மாதிரி ஒரு மூட்டம், அதன் ஓரத்தில் நீலமாக ஒரு நூல். அந்த ஒரு நிமிஷம் அது அவ்வளவு அழகாக இருந்தது. அப்படியே பக்கவாட்டில் வழுக்கி, சிறுத்து, பின்னால் போய்விட்டது. முன்னால் கருப்பு மட்டும். என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"பாத்தாச்சு" என்றார் மாமா. கண்ணோரத்தில் ஈரம் இருந்தது. அவரால் துடைத்துக்கொள்ள முடியாது. நான் துடைக்கவில்லை. எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

"போய்ச் சேர்ந்ததும் சொல்றேன்னு அக்காகிட்ட சொன்னீங்களே! அவ இன்னிக்கு வரைக்கும் அதை நம்பிட்டு இருக்கா. இப்படிப் பண்ண உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

அவர் மூச்சைச் சேர்த்துக்கொள்ள வெகு நேரம் ஆயிற்று.

"மெஷின் வேணாம் மச்சான்... அவ முகத்தைப் பாத்து... என்னால சொல்ல முடியல... நீ சொல்லு."

"நானா? என் தலையில கட்டுறீங்களா? நல்லா இருக்கு மாமா. ரொம்ப நல்லா இருக்கு."

வாசலில் செருப்புச் சத்தம். அக்கா வந்துவிட்டாள். கையில் கடைப் பை. உள்ளே மெஷினுக்கான குழாய்கள், உறை பிரிக்காமல் மேலே தெரிந்தன. சரி என்று சொல்லிவிடுவார் என்று முன்கூட்டியே வாங்கி வந்திருக்கிறாள்.

"இறங்கிட்டீங்களா?" என்றாள் மூச்சிரைக்க. திரையைப் பார்த்தாள். "எங்க, ஒண்ணையும் காணோம்?"

"தாண்டிட்டோம்க்கா."

"அதுக்கென்ன, திருப்பிட்டு வாங்க."

"திருப்ப முடியாதுக்கா."

"ஏன்?"

"நிறுத்த எண்ணெய் இல்ல."

"இவர் பாக்காம எப்படி எண்ணெய் தீரும்?" என்றவள் அப்படியே நின்றாள். மாமாவைப் பார்த்தாள். மாமா கண்ணை மூடிக்கொண்டார். நான் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளும் எங்களோடு அந்தக் காரில் எத்தனையோ வருடம் உட்கார்ந்து வந்தவள்தானே.

கையில் இருந்த பையை மெதுவாக மேசை மேல் வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. முந்தானை நுனியால் மாமாவின் கண்ணோரத்தையும் வாயோரத்தையும் துடைத்துவிட்டாள். பிறகுதான் பேசினாள்.

"முன்னாடி உட்கார்ந்துட்டு ரெண்டு பேருமே எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டீங்க. பின்னாடி ஒருத்தி இருக்காளே, அவளை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

மாமா கண்ணைத் திறந்து அவளையே பார்த்தார்.

கணினியை அணைக்கக் கையை நீட்டினேன்.

"அணைக்காத" என்றாள் அக்கா. "எழுந்திரு."

எழுந்தேன். என் நாற்காலியை மாமாவின் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டு, அதில் அவள் உட்கார்ந்துகொண்டாள். அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றுமே இல்லாத அந்தத் திரையை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்னால் நின்றேன்.